மாட்டுத் தொட்டியில் குளித்த கட்டில்

தன் வீட்டில் மூட்டைப்பூச்சி இருக்கிறது என்று தானாக ஒப்புக்கொண்ட குடித்தனக்காரரை நான் இந்த வயது வரை பார்த்ததில்லை. மூலம் இருப்பதைச் சொல்வார்கள். மச்சான் ஜெயிலில் இருப்பதைக்கூடக் குரலைத் தாழ்த்திச் சொல்லிவிடுவார்கள். மூட்டைப்பூச்சி என்று வந்தால் மட்டும், "எங்க வீட்ல அதெல்லாம் கெடையாதுங்க" என்று கழுத்தைச் சொறிந்துகொண்டே சொல்வார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். அதனால் ஒரு கல்யாணம் கைநழுவிப் போகப் பார்த்தது. இந்தக் கதையை எத்தனையோ முறை சொல்லி அலுத்துவிட்டது. ஆனால் நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்வாள். அவள் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் கட்டில் கொஞ்சம் பெரிதாகிறது, நான் கொஞ்சம் சின்னவனாகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் ஓசூரை அடுத்த மத்திகிரியில் ஒரு தனியார் பால் பண்ணையில் வேலை பார்த்தேன் (இப்போது அந்தப் பண்ணை இல்லை, தேட வேண்டாம்). கருக்கலில் மாடு கறப்பார்கள். பாலைக் கேன்களில் ஊற்றி, பெங்களூர் லாரியில் ஏற்றி அனுப்புவதை நான் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். கோழி கூவுவதற்கு முன் எழுந்துபோகிறவனுக்குத் தூக்கம்தான் சொத்து. அந்தச் சொத்தை நான் குடியிருந்த வீட்டுச் சுவர் தின்றுகொண்டிருந்தது.

வீடு என்றால் வரிசை வீடு. கௌரம்மா என்ற விதவை அம்மாள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். மண் சுவர், நாட்டு ஓடு, ஆளுக்கு ஒரு அறை, பின்னால் அடுப்பு வைக்க ஒரு பொந்து. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவரும் கூரை வரைக்கும் போகாது, ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் போய் நின்றுவிடும். நான் தும்மினால் பக்கத்து வீட்டில், "தண்ணி குடிங்க" என்பார்கள். அப்படிப்பட்ட வரிசையில் மூட்டைப்பூச்சி யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை. இன்றைக்கு என்னைக் கடித்தது நாளைக்கு அடுத்த வீட்டுத் தேவராஜைக் கடிக்கும், மறுநாள் கோடி வீட்டுக்குப் போய் அங்கே இரண்டு நாள் தங்கிவிட்டு வரும்.

ஆனால் ஒருவரும் வாய் திறக்க மாட்டோம். எங்கள் பக்கம் மூன்று பாஷை பேசுகிற ஊர். தமிழில் மூட்டைப்பூச்சி, கன்னடத்தில் திகணே, தெலுங்கில் நல்லி. மூன்று பாஷையிலும் பெயர் தெரியும், மூன்று பாஷையிலும் "எங்க வீட்ல இல்ல" என்றுதான் சொல்லுவோம். ஒருமுறை தயங்கித் தயங்கிக் கௌரம்மாவிடம் பேச்சை எடுத்தேன்.

"திகணேயா? நம்ம வீட்லயா? நீ தெனம் பெங்களூர் லாரியத் தொட்டுக்கினு வர்றே. உன் சட்டையில ஏறி வந்திருக்கும்பா. நீ வர்றதுக்கு முன்னாடி இந்தச் செவுரு சுத்தமா இருந்துச்சு," என்றார். பேசிக்கொண்டே தன் முதுகைத் தூணில் தேய்த்துக்கொண்டார்.

அடுத்தவருக்குத் தெரியாமல் செய்கிற வைத்தியம் எல்லாம் நடந்தது. கட்டிலை வெயிலில் போடுவோம், ஆனால் எல்லோரும் ஒரே நாளில் போட மாட்டோம், போட்டால் காரணம் தெரிந்துவிடுமே. பக்கத்து வீட்டார் கட்டிலை வெளியே எடுத்துத் தட்டும் நாளில் அங்கிருந்த பூச்சியெல்லாம் சுவரேறி என் வீட்டுக்கு விருந்து வரும். நான் தட்டும் நாளில் அங்கே போகும். கொதிக்கிற தண்ணீர் ஊற்றினேன். மண்ணெண்ணெய் தடவினேன். வசம்பைப் பொடித்துத் தூவினேன். கட்டிலின் நாலு காலுக்கும் அடியில் தகர டப்பாவில் தண்ணீர் வைத்தேன். பூச்சி தண்ணீரைப் பார்த்துத் திரும்பி, சுவரேறி, ஓட்டுக்குப் போய், அங்கிருந்து என் மேல் விழுந்தது. மலேரியாவுக்கு மருந்தடிக்க ஆட்கள் வந்தார்கள். அவர்கள் கொசுவுக்கு அடித்தார்கள். மூட்டைப்பூச்சி அது தன்னைச் சொல்லவில்லை என்று எடுத்துக்கொண்டது.

இப்படித் தூங்காமல் கண் சிவந்து அலைந்த காலத்தில்தான் எனக்கு ஒரு வரன் வந்தது. வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருந்த மாதப்பன் என்பவரின் மகள், பெயர் சரோஜா. தளி ஊரில் உருளைக்கிழங்கு பயிரிட்டுக்கொண்டிருந்த என் அண்ணன், சந்தையில் பழகிப் பேசி முடித்த இடம். எனக்கு அப்பா அம்மா இல்லை. இரண்டு இடம் ஏற்கெனவே தட்டிப் போயிருந்தது. ஒரு இடத்தில் என் கண் சிவப்பைப் பார்த்துவிட்டு, "பையன் குடிப்பான் போல" என்று சொல்லிவிட்டார்கள் (பூச்சிக்குப் பயந்து விடிய விடிய உட்கார்ந்திருந்தவனை). இந்த இடத்தில் பெண்ணைப் பார்த்தாயிற்று, எனக்கு மிகவும் பிடித்திருந்தது. காப்பித் தம்ளரை நீட்டும்போது என் கண்ணைப் பார்த்து, "தூக்கம் வந்தா திண்டுல சாஞ்சுக்குங்க" என்று சொன்ன பெண் அவள். அதற்காகவே அவளைக் கட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். மாப்பிள்ளை குடியிருக்கும் வீட்டைப் பெண் வீட்டார் வந்து பார்க்க வேண்டும். பார்த்துக் கை நனைத்தால் சம்மதம்.

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் உட்கார என்னிடம் இருந்தது ஒரே ஒரு கட்டில், கத்தாழை நார்க் கயிறு பின்னியது. ஒவ்வொரு கயிற்றுச் சந்திலும் ஒரு கிராமமே குடியிருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் வேலை பார்த்தது மாட்டுப் பண்ணை. மாட்டுக்கு உண்ணி, சொறி வராமல் இருக்க ஒரு குளியல் தொட்டி உண்டு. ஆழமான சிமெண்டுப் பள்ளம். ஒரு பக்கம் சரிவில் மாட்டை இறக்கினால் மருந்துத் தண்ணீரில் நீந்தி மறு பக்கம் ஏறி வரும். மருந்து என்றால் கந்தகத்தையும் சுண்ணாம்பையும் பீப்பாயில் போட்டுக் காய்ச்சிய மஞ்சள் கரைசல். மாட்டின் மேல் இருக்கிற உண்ணிக்கு ஆகும் மருந்து, கட்டிலில் இருக்கிற மூட்டைப்பூச்சிக்கு ஆகாதா? இரண்டும் ரத்தம் குடிப்பவைதானே. மாட்டுப் பண்ணையில் வேலை செய்கிறவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை இது. எனக்கு இதைத் தடுக்க வீட்டில் பெரியவர்களும் இல்லை.

தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் அடுத்த வீட்டுத் தேவராஜ்தான். அவரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"உங்க வீட்ல பூச்சி இருக்குதா?" என்றார்.

"இல்ல. சும்மா, ஒரு சுத்தத்துக்கு."

"எங்க வீட்லயும் இல்ல," என்றார் தேவராஜ். "இருந்தாலும் ஒண்ணு பண்ணலாம். உங்களுது நல்லா வந்துதுன்னா, அடுத்த வாரம் எங்களுதையும் ஒரு முக்கு முக்கிடலாம். அதுவும் சும்மாதான்."

சனிக்கிழமை மாடு குளிக்கிற நாள். மாடுகளெல்லாம் ஏறிப் போன பிறகு நான் கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். சரிவில் இறக்கிவிட்டோம். கட்டில் மூழ்கவில்லை, நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு மிதந்தது. தலையைத் தண்ணீரில் காட்டாத மாட்டைக் கழுத்தில் வைத்து அமுக்க அங்கே ஒரு கவைக்கோல் இருக்கும். தேவராஜ் அதை எடுத்துக் கட்டிலின் சட்டத்தில் கொடுத்து அமுக்கினார். ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் எழுந்தது. அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்துவிட்டார். பட்டாளத்தில் இருந்து வந்தவர், கைத்தடி இல்லாமல் நடக்க மாட்டார்.

"என்ன மாடு அது?" என்றார் தூரத்திலிருந்தே.

தேவராஜுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "நாலு கால் இருக்குதுங்க சார்," என்றார்.

மேனேஜர் கிட்டே வந்து பார்த்தார். கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் கை தன்னையறியாமல் காலருக்குள் போய்ச் சொறிந்துகொண்டது. ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார். அவரும் எங்களைப் போல ஒரு வாடகை வீட்டில்தான் இருந்தார்.

கட்டிலை நன்றாக ஊறவைத்து எடுத்தோம். கொத்துக் கொத்தாகப் பூச்சி செத்து மிதந்தது. வாழ்க்கையில் நான் அவ்வளவு நிம்மதியாக எதையும் பார்த்ததில்லை. சித்திரை மாத வெயில், மாலைக்குள் காய்ந்துவிடும் என்று வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனேன். சாயங்காலம் இடி இடித்து எங்கள் ஊர்க் கோடை மழை வந்தது. கட்டில் இன்னொரு முறை குளித்தது.

காலையில் கௌரம்மா வந்தார். எனக்குப் பெரியவர்கள் இல்லாததால் வந்தவர்களை வரவேற்பது தன் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தார். (வீட்டைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேறு யாருக்கு அவ்வளவு அக்கறை இருக்கும்?) வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"என்னப்பா வாசனை இது? கட்டில் காஞ்சுதா?"

"காஞ்சுடுச்சும்மா," என்றேன்.

காயவில்லை. தொட்டால் கையில் மஞ்சளாக ஒட்டியது. கத்தாழை நார் ஈரத்தில் இறுகி, சட்டத்தை இழுத்து, ஒரு கால் தரையில் படாமல் தூக்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலுக்கு அடியில் ஓட்டுச் சில்லு வைத்தேன். மேலே என்னிடம் இருந்த நல்ல வெள்ளை வேட்டியை விரித்து மூடினேன். வாடைக்கு ஊதுவத்தி ஏற்றினேன். அழுகிய முட்டையும் ஊதுவத்தியும் கலந்தால் என்ன வாடை வரும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். கொசுறாகச் சுண்ணாம்பு வாடையும் இருந்தது.

நாலைந்து பேர் வருவார்கள் என்று பயந்திருந்தேன். பஸ்ஸில் இடம் கிடைத்தது மாதப்பனுக்கும் அவருடைய அக்கா மாரக்காவுக்கும்தான். ஓசூரில் இறங்கி ஜட்கா பிடித்து வந்தார்கள். மாதப்பன் அமைதியான மனிதர், கை மண்வெட்டி பிடித்த கை. மாரக்காதான் முடிவெடுக்கிறவர் என்பது அவர் வண்டியிலிருந்து இறங்கிய விதத்திலேயே தெரிந்தது. கையில் வெள்ளிக் காப்பு, காலில் கனத்த வெள்ளித் தண்டை, வேலைப்பாடு செய்தது. நடந்தால் தண்டை முதலில் வந்துவிட்டு அவர் பின்னால் வருவார்.

உள்ளே வந்ததும் மாரக்கா தன் துணிப்பையைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். அறையைச் சுற்றிப் பார்த்தார். "வெள்ளையடிச்சிருக்கீங்க," என்றார், திருப்தியாக. "பூச்சி கீச்சி ஏதாச்சும் உண்டா?"

"எங்க வீட்ல அதெல்லாம் கெடையாதுங்க," என்றேன்.

"நம்ம வரிசையிலயே கெடையாது," என்றார் கௌரம்மா.

"உக்காருங்க," என்று கட்டிலைக் காட்டினேன். இருவரும் உட்கார்ந்தார்கள். கட்டில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. மாரக்கா காலை மேலே தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார், தண்டை இரண்டும் வேட்டியில் நன்றாகப் பதிந்தன.

நான் காப்பி போடப் போனேன். திரும்பி வந்தபோது மாதப்பன் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"என்னமோ ஒரு வாடை அடிக்குதே தம்பி."

"பக்கத்து வீட்ல முட்டை வேகுதுங்க," என்றேன்.

சுவருக்கு மேலிருந்து தேவராஜின் மனைவி குரல் வந்தது. "எங்க வீட்ல முட்டையே இல்லீங்களே."

சுவருக்கு அந்தப் பக்கம் தேவராஜ் தன் மனைவியிடம் ஏதோ குசுகுசுவென்று சொல்வது எங்கள் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. கௌரம்மா சமாளிக்கப் பார்த்து, இந்த வீட்டில் குடியிருந்தவர்கள் எல்லோருக்கும் உத்தியோகத்தில் உயர்வு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். நான் காப்பித் தம்ளரை நீட்டினேன். வாங்கிக்கொள்ள மாதப்பன் எழுந்தார். அவர் வேட்டியின் பின்பக்கம் கட்டிலின் பின்னல் அப்படியே கட்டம் கட்டமாக மஞ்சளாக விழுந்திருந்தது.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அந்த வயதில் பேசாமல் இருப்பது எனக்குத் தெரியாது. "மஞ்சள்தானுங்க, மங்களம்," என்றேன்.

மாரக்கா திடுக்கிட்டுத் தன் சேலையைத் திருப்பிப் பார்த்தார். அதிலும் மஞ்சள். கையை ஊன்றி எழுந்தார், கை முழுக்க மஞ்சள். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார். தண்டை இரண்டும் கறுத்திருந்தன. கையில் காப்பும் பாதி கறுத்திருந்தது. அடுப்படியில் கிடக்கிற இரும்பு மாதிரி இருந்தது. கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், அந்த அம்மாள் என் வீட்டுக்குள் வெள்ளையாக வந்து கறுப்பாக நிற்கிறார் என்பதுதான்.

"மாதப்பா," என்றார் மாரக்கா மெதுவாக. "வெள்ளி கறுத்துப் போச்சுடா. ஒக்காந்த எடத்துல கறுத்துப் போச்சு. இந்த வீட்ல என்னமோ ஆகாதது இருக்குது. எந்திரிச்சு வா."

"அத்தே, அது மாட்டுக் குளியல் தொட்டி மருந்துங்க," என்றேன்.

"கட்டில்ல எதுக்கு மாட்டு மருந்து?"

பதில் ஒன்றுதான், அது மூட்டைப்பூச்சி. அதைச் சொல்லியிருந்தால் அந்த அம்மாள் ஒருவேளை சிரித்திருப்பார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அரை மணி முன்னால்தான் கிடையாது என்று சொல்லியிருந்தேன். பேயென்று நினைத்தாலும் நினைக்கட்டும், பூச்சியென்று நினைக்க வேண்டாம் என்று தோன்றிய புத்தியை என்னவென்று சொல்வது?

மாரக்கா ஆணியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். காப்பி ஆறிப்போய் இருந்தது, கை நனைக்கவில்லை. மாதப்பன் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "ஊருக்குப் போயிச் சொல்லி அனுப்பறோம் தம்பி," என்றார். அந்த வார்த்தையை நான் ஏற்கெனவே இரண்டு இடத்தில் கேட்டிருந்தேன். ஜட்கா போகும்போது பின்னாலிருந்து அவருடைய வேட்டியின் மஞ்சள் கட்டம் ரொம்ப தூரம் வரைக்கும் தெரிந்தது.

அன்று கட்டிலில் குப்புறப் படுத்தேன். ஈரமோ வாடையோ எனக்கு உறைக்கவில்லை. அந்தப் பெண் முகம் கண்ணுக்கு முன்னாலேயே நின்றது. பூச்சி கடிக்கும்தான், பழகிவிட்டது. பூச்சிக்காகப் போன வாழ்க்கையை நினைத்தால்தான் அழுகை வந்தது. அப்போது சுவரிலிருந்து இறங்கி ஒன்று வந்து என் காதருகில் கடித்தது. கட்டிலில் இருந்ததெல்லாம் செத்துவிட்டது, உண்மைதான். சுவரில் இருந்ததை நான் வெள்ளையடித்துவிட்டிருந்தேன்.

நாட்கள் போயின. சொல்லி அனுப்பவில்லை. அண்ணனும் வாயைத் திறக்கவில்லை. தேவராஜ், "எங்க கட்டில் வேண்டாங்க, அப்படியே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டார். நான் வழக்கம்போல லாரி ஏற்றினேன், வழக்கம்போல உட்கார்ந்தபடியே தூங்கினேன். பால் கேனில் தலையை மோதிக்கொண்டு விழித்தேன்.

மாங்காய்ப் பருவம் மும்முரமாக இருந்த ஒரு மத்தியானம், வேலை முடிந்து வந்து கண்ணை மூடியிருந்தேன். வாசலில் லாரிச் சத்தம். கௌரம்மா கத்தினார்: "ஏம்ப்பா, உன் மாமனார் வந்திருக்கார்." அந்த அம்மாளுக்கு எப்போதுமே முந்திரிக்கொட்டை வாய்.

வெளியே வந்து பார்த்தேன். பெங்களூர் மண்டிக்குப் போகிற மாங்காய் லாரி. மாங்காய்க் குவியலுக்கு மேல், நாலு காலையும் வானத்துக்குக் காட்டிக்கொண்டு கட்டில்கள். கட்டில்களுக்கு நடுவே மாதப்பன். வீங்கிய கண்கள். அந்தக் கண்களை எனக்கு நன்றாகத் தெரியும், என் முகத்தில் தினமும் கண்ணாடியில் பார்ப்பவை.

"தம்பி," என்றார் மேலிருந்தே, ஊருக்கெல்லாம் கேட்கும்படி. "அந்தத் தொட்டி இன்னும் இருக்குதா?"

"எதுக்குங்க?"

"எதுக்கா? எங்க வீடு பூராவும் மூட்டைப்பூச்சி."

வரிசையில் இருந்த ஒவ்வொரு கதவும் கொஞ்சம் திறந்தது. கௌரம்மா பதறிப்போனார். "மெதுவாப் பேசுங்க, அக்கம்பக்கம் கேக்கும்."

"மெதுவாப் பேசினா போயிடுமாம்மா? எங்க அக்கா அன்னைக்கு இங்க ஆணியில பைய மாட்டினா. அதுக்குள்ள பூந்து எங்க வீட்டுக்கு வந்துடுச்சு. மொதல்ல அக்கா கட்டிலு, அப்புறம் என் கட்டிலு, இப்ப தோட்டத்துக் கொட்டாய்ல காவலுக்குப் படுக்கறவனையும் கடிக்குது. போன வாரம் பர்கூர்ப் பக்கத்துலேருந்து பொண்ணு பாக்க ஒரு எடம் வந்தாங்க. அந்தப் பையன் ஒக்காந்தான், எந்திரிச்சான். ஒக்காந்தான், எந்திரிச்சான். காப்பி வர்றதுக்குள்ள போயிட்டாங்க. பூச்சி புடிச்ச வீடுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாங்க."

நான் தலையைக் குனிந்து நின்றேன். "தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க வீட்ல இருந்துச்சு. அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"அது இருக்கட்டும். எங்க பொண்ணுதான் கண்டுபுடிச்சா. அத்தை சேலை மடிப்புல செத்த பூச்சி கெடந்துது, மஞ்சளா. 'அவரு பேய்க்கு மருந்து போடலப்பா, பூச்சிக்குத்தான் போட்டிருக்காரு. தூக்கமில்லாத மூஞ்சியப் பாத்தப்பவே எனக்குத் தெரியும்'னு சொன்னா." மாதப்பன் லாரியிலிருந்து ஒரு கட்டிலை அவிழ்த்தார். அதன் காலைக் கீழே நீட்டினார். "இனிமே எங்க வீட்டுக்கு வேற எவன் வருவான், உங்க வீட்டுக்கு வேற எவ வருவா? இந்தக் கால கொஞ்சம் புடிங்க மாப்ள."

மாப்ள என்றார். நான் கட்டில் காலைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். தாம்பூலத் தட்டு வைத்து நிச்சயம் பண்ணுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு நிச்சயமானது கையில் மூட்டைப்பூச்சிக் கட்டிலோடு, மாங்காய் லாரிக்குக் கீழே. அந்த நிமிஷமே ஒன்று என் மணிக்கட்டில் கடித்தது, நான் கையை எடுக்கவில்லை.

பிறகு நடந்ததுதான் எனக்கே ஆச்சரியம். வெளியூர் மனிதர் ஒருவர் நடுத்தெருவில் நின்று தன் வீட்டில் பூச்சி என்று சொன்னதும் வரிசையில் ஏதோ கட்டு அவிழ்ந்த மாதிரி இருந்தது. முதலில் தேவராஜின் மனைவி கட்டிலை இழுத்துக்கொண்டு வந்தார். "எங்க வீட்லயும் இருக்குதுங்க. ரெண்டு வருஷமா." கோடி வீட்டார் பெஞ்சைக் கொண்டு வந்தார்கள். ஒவ்வொருவராகப் பாய், பலகை, தொட்டில் என்று எடுத்து வந்தார்கள். கடைசியில் கௌரம்மா தன் பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வந்து வரிசையில் வைத்தார்.

"திகணே இல்லேன்னு சொன்னீங்களேம்மா," என்றேன்.

"நேத்து வரைக்கும் இல்லப்பா," என்றார்.

ஒரே நாளில் எல்லா வீட்டையும் காலி செய்தோம். ஆணிகளைப் பிடுங்கினோம், ஓட்டைப் பிரித்து வெயில் விட்டோம், சுவர் விரிசலில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிச் சுண்ணாம்பும் மண்ணும் குழைத்து அடைத்தோம். கட்டில்கள் ஊர்வலமாகப் பண்ணைக்குப் போயின. மேனேஜர் வாசலில் நின்றார், துரத்தப் போகிறார் என்று நினைத்தோம். அவர் வீட்டு வேலையாள் பின்னால் ஒரு சாய்வு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதையும்," என்றார் மேனேஜர்.

இந்த முறை அவசரப்படவில்லை. காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழியையும் கண்டுபிடித்திருந்தோம். தேவராஜின் மனைவி தன் பழைய மெட்டி ஒன்றைக் கழற்றிக் கட்டில் கயிற்றில் முடிந்து வைத்தார். மெட்டி கறுத்தால் இன்னும் வெயில் வேண்டும். கறுக்காமல் வெள்ளையாகவே இருந்த பிறகுதான் உள்ளே எடுத்தோம். பூச்சி அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். திரும்ப வந்தது, வந்தால் வரிசை முழுவதும் ஒரே நாளில் கட்டிலை வெளியே எடுக்கப் பழகிவிட்டோம். நடு நடுவே தூங்கினோம், அதுவே பெரிது.

ஆவணியில் கல்யாணம். சீர்வரிசையாக மாதப்பன் ஒரு இரும்புக் கட்டில் கொடுத்தார். மாரக்கா அந்தத் தண்டை இரண்டையும் கழற்றி என் மனைவியின் மடியில் போட்டுவிட்டு, "கறுத்தது உங்க வீட்ல. அங்கயே இருக்கட்டும்," என்றார். அதற்குப் பிறகு ஆயுசு முழுவதும் அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே காப்பைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டுதான் உள்ளே வருவார். எங்கேயும் உட்கார மாட்டார், நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போவார்.

அந்தத் தண்டை இன்னும் வீட்டில் இருக்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் என் மனைவி அதைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பாள். "கல்யாணத்துக்கு முன்னாடியே உங்களுக்காகப் புளி கரைச்சவ நானு. அத்தை அன்னைக்குத் திரும்பி வந்ததும் தேய்க்கச் சொல்லி என் கையிலதான் கொடுத்தாங்க," என்பாள். மேலே பளபளவென்று வரும். வேலைப்பாட்டின் உள்ளே மட்டும் கறுப்பு போகவில்லை.

என் குடும்பத்தில் யாரும் பெரிய பொய் சொல்ல முடியாது. தேர்வில் தேறாத மகன், "பேப்பர் கஷ்டமா இருந்துச்சுப்பா" என்று ஆரம்பிக்கும்போதும், மருமகள் உடைந்த ஜாடியைப் பற்றிப் பூனையின் மேல் பழி போடும்போதும், டாக்டரிடம் போய்விட்டு வந்து "ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டாரு" என்று நான் சொல்லும்போதும், சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் ஒரே ஒரு கேள்வி கேட்கும். கௌரம்மாவிடமிருந்து அவள் கேட்டுத் தெரிந்துகொண்டது.

"கட்டில் காஞ்சுதா?"

அதற்கு மேல் எவரும் மறைப்பதில்லை. நானும் டாக்டர் சொன்னதை உள்ளபடி சொல்லிவிடுவேன்.